எங்க எரிஞ்சுது மாப்பிள்ளை? நோத்ர தாம் பேராலயம் போய்வந்து எழுதுவது

முதலில் ஒரு விஷயம். மீதியைப் படிக்காவிட்டாலும் இதை மட்டும் படித்துவிட்டுப் போங்கள். பாரிஸ் நோத்ர தாம் பேராலயத்துக்குள் போக ஒரு சென்ட் கூடக் கட்ட வேண்டாம். 2019இல் தீப்பிடித்த கோவிலைப் பழுதுபார்த்து மறுபடி திறப்பதற்குச் சற்று முன்னால், 2024 அக்டோபரில், ஆளுக்கு 5 யூரோ வாங்கலாமே என்று பிரான்ஸ் கலாச்சார அமைச்சர் ரஷிதா தாத்தி ஒரு யோசனை சொன்னார். கோவிலுக்குள் வருகிறவனிடம் காசு கேட்கக் கூடாது என்று திருச்சபை மறுத்துவிட்டது. ஆக இலவசம்தான். கருவூலத்துக்கும் கோபுரம் ஏறுவதற்கும் மட்டும் தனி டிக்கெட், கோபுரத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இது தெரியாமல் நான் போன வசந்த காலத்தில் ஆளுக்கு 29 யூரோ கொடுத்தேன். ஏதோ ஒரு இணையதளம், பெயர் வேண்டாம், 'முன்னுரிமை நுழைவு' என்று தேன் தடவி எழுதியிருந்தார்கள். போய்ப் பார்த்தால் குடையைத் தூக்கிப் பிடித்தபடி ஒருவர் முற்றத்தில் நின்றார், இருபது நிமிஷம் அரசர்கள் பெயரை ஒப்பித்தார், அப்புறம் "அதோ வரிசை, போய் நில்லுங்கள்" என்று கையைக் காட்டிவிட்டுக் கிளம்பிவிட்டார். எல்லோரும் சும்மா நிற்கிற அதே வரிசை. கூட வந்த நண்பர் இன்றைக்கும் அந்தக் குடையைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். அவருடைய 29 யூரோவையும் நான்தான் கொடுத்தேன் என்பதால் அவருக்குச் சிரிப்பு வருகிறது.

சரி, ஒழுங்காகப் போவது எப்படி? பேராலயத்தின் சொந்த இணையதளத்திலும் செயலியிலும் இலவசமாக நேரம் பதிவு செய்துகொள்ளலாம். மாதக் கணக்கில் முன்கூட்டியே கிடைக்காது, கடைசி இரண்டு நாளுக்குத்தான் நேரங்களைத் திறப்பார்கள், அதுவும் சட்டென்று தீர்ந்துவிடும். ஆனால் பகலில் அவ்வப்போது எட்டிப் பார்த்தால் நடுநடுவே காலியாகிறது. கிடைக்காவிட்டாலும் பதறத் தேவையில்லை, பதிவு இல்லாதவர்களுக்கும் தனி வரிசை உண்டு. முற்றத்தைச் சுற்றிக்கொண்டு பாம்பு மாதிரி நீளும், பார்க்கிறபோது வயிற்றைக் கலக்கும், ஆனால் நடை வேகத்தில் நகரும். நாள் ஒன்றுக்கு முப்பதாயிரம் பேருக்கு மேல் உள்ளே போய்வருகிற இடம், அதற்கு இந்த வரிசை பெரிதில்லை. பெரிய பெட்டி, பயணப் பை எதையும் உள்ளே விடமாட்டார்கள். விமான நிலையத்திலிருந்து நேரே உருட்டிக்கொண்டு வருகிறவர்கள் பாவம், வாசலில் ஒரு ஆளைப் பெட்டிக்குக் காவல் வைத்துவிட்டு மாற்றி மாற்றிப் போகிறார்கள்.

இரண்டாவது முறை நான் போனது என் மாமியாரோடு. பேரனைப் பார்க்க மூன்று மாத விசாவில் வந்தவர். ஈஃபிலைக் காட்டினோம், "இரும்பு" என்றார். படகில் கூட்டிப் போனோம், தூங்கிவிட்டார். வந்த நாளிலிருந்து அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான், அந்த எரிந்த மாதா கோவில். 2019 ஏப்ரல் 15, புனித வாரத்துத் திங்கள்கிழமை. அன்று ஊரில் இரவு பதினொன்றே காலுக்கு மேல், அத்தை தொலைக்காட்சி முன்னால் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த ஊசிக்கோபுரம் ஒடிந்து சரிந்தது. இங்கே அப்போது மணி எட்டாகப் பத்து நிமிஷம். "கரும்பு ஒடியற மாதிரி ஒடிஞ்சுது மாப்பிள்ளை" என்று இதுவரை ஐந்தாறு முறை சொல்லியிருக்கிறார். அத்தையின் அப்பா மரவாடி வைத்திருந்தவர், அதனால் மரம் எரிவது அவருக்கு வேறு மாதிரி வலிக்கும் போல.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் நாலரைக்கு நேரம் கிடைத்தது. வியாழன் என்பது நானே யோசித்து எடுத்தது, மற்ற வார நாட்களில் இரவு 7 மணிக்கு மூடிவிடுவார்கள், வியாழன் மட்டும் 10 மணி வரை. முழங்கால் வலிக்காரரை வைத்துக்கொண்டு ஓட்டமாக ஓட முடியாது.

நடு வாசல் வழியாக உள்ளே விட்டார்கள். நாலடி வைத்ததும் அத்தை நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கிப் போனார்கள். நான் கண்ணீரை எதிர்பார்த்துக் கைக்குட்டையைத் தொட்டேன். அவர் தலையைத் தூக்கி வளைகூரையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்துவிட்டு, கொஞ்சம் கோபத்தோடுதான், கேட்டார்: "எங்க எரிஞ்சுது மாப்பிள்ளை?"

நியாயமான கேள்வி. எனக்கும் முதல் முறை வந்தபோது அதேதான் உறுத்தியது, என்ன உறுத்துகிறது என்று சொல்லத் தெரியவில்லை. தீப்பிடித்த கோவிலுக்கு வருகிறவன் ஏதோ ஒரு கரி மூலையையாவது மனதில் வைத்துக்கொண்டுதான் வருகிறான். இங்கே கல் முழுக்க வெளிர் மஞ்சள், வெண்ணெய் நிறம். தீயின் கரி மட்டும் போகவில்லை, அதற்கு முந்தைய காலத்து மெழுகுவர்த்திப் புகை, மூச்சு, தூசி எல்லாவற்றையும் சேர்த்து எடுத்திருக்கிறார்கள். சுவரில் ரப்பர் பால் மாதிரி ஒரு பசையைப் பூசி, காயவிட்டு, தோலை உரிப்பது போல உரித்தெடுத்தால் அழுக்கும் ஈயத்தூசியும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடுமாம். அப்படித்தான் உள்சுவர் முழுக்க சுத்தம் செய்தார்கள். தீக்கு முன்னால் இந்தக் கோவிலைப் பார்த்தவன் நான். அப்போது உள்ளே வந்தால் கண் பழகவே ஒரு நிமிஷம் பிடிக்கும், அவ்வளவு இருட்டு, குகை மாதிரி. அந்த இருட்டுக்கு ஒரு கனம் இருந்தது. இப்போது வெள்ளையடித்த கல்யாண மண்டபம் மாதிரி இருக்கிறது என்று முதல் முறை வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

அதையே அத்தையிடமும் சொன்னேன். கேட்டுவிட்டு, "கட்டினவன் அழுக்காவா கட்டியிருப்பான்?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. 1163இல் மோரிஸ் த சுல்லி என்கிற ஆயர் காலத்தில் தொடங்கி, பதினான்காம் நூற்றாண்டு வரை கட்டினார்கள். அந்தக் கொத்தனார்கள் பார்த்த நிறம் இதுவாகத்தான் இருக்கும். இருந்தாலும் என் கட்சியை நான் முழுதாக விடவில்லை.

எங்கே எரிந்தது என்பதற்குப் பதில், மேலே. நாம் நின்று பார்க்கிற கல் வளைகூரைக்கும் அதற்கு மேலே வெளியில் தெரிகிற ஈயக்கூரைக்கும் நடுவில் ஒரு மரக்காடு இருந்தது. காடு என்றே பெயர், பிரெஞ்சில் 'லா ஃபொரே' என்பார்கள். பெரும்பாலும் 12, 13ஆம் நூற்றாண்டு ஓக் மரங்கள், உத்திரமும் கைமரமுமாக. எண்ணூறு வருஷம் காய்ந்த மரம் என்றால் நெருப்புக்கு விருந்துதான். எச்சரிக்கை மணி மாலை 6.20 வாக்கில் அடித்திருக்கிறது. ஆனால் எந்தக் கூரை என்பதில் குழப்பம், பக்கத்தில் ஒட்டியிருக்கிற பூசைப்பொருள் கட்டடத்தின் பரணைப் போய்ப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று திரும்பியிருக்கிறார்கள். சரியான பரணுக்கு ஏறிப் போவதற்குள் அரை மணி நேரம் போய்விட்டது. தீயணைப்புப் படைக்குத் தகவல் போனபோது மணி 6.51. ஏன் பிடித்தது என்பது இன்றைக்கும் உறுதியாகவில்லை. மின்கசிவு, சிகரெட் என்று விசாரணையில் பேசப்பட்டது, யாரும் வேண்டுமென்று வைத்ததாகத் தடயம் கிடைக்கவில்லை.

இதையெல்லாம் அத்தைக்கு நான் சொன்னது வடக்குப் பக்க நடையில் நடந்துகொண்டே. கூட்டத்தை அந்தப் பக்கம் விட்டு, பீடத்துக்குப் பின்னால் சுற்றி, தெற்குப் பக்கமாகத் திரும்ப விடுகிறார்கள். வடக்கு நிழல், தெற்கு வெளிச்சம், அந்தக் கணக்கில் வழி அமைத்திருக்கிறார்கள். பக்கச் சிற்றாலயங்களைத் தவறவிடாதீர்கள். முன்பு அழுக்கில் ஒன்றும் தெரியாது, இப்போது அந்த நீலமும் சிவப்பும் தங்கமும் பளிச்சென்று இருக்கின்றன. 'இவ்வளவு நிறம் இங்கேதான் இருந்ததா' என்று தோன்றும்.

தீயைப் பார்க்க நினைப்பவர்களுக்கு என் சிபாரிசு இதுதான். நீளவாட்டமும் குறுக்குவாட்டமும் சந்திக்கிற இடத்துக்கு, முன்பீடத்துக்குப் பக்கத்தில், எவ்வளவு கிட்டப் போக முடியுமோ போய் நின்று நேர் மேலே பாருங்கள். அங்கேதான் ஊசிக்கோபுரம் வளைகூரையைப் பொத்துக்கொண்டு விழுந்தது. மொத்தம் மூன்று இடத்தில் ஓட்டை: இங்கே ஒன்று, வடக்குக் குறுக்குக் கையில் ஒன்று, நடுக்கூடத்தில் ஒன்று. மீதி வளைகூரை தாங்கிவிட்டது, அதனால்தான் உள்ளே இவ்வளவு மிஞ்சியது. உற்றுப் பார்த்தேன், புதுக் கல் எது பழைய கல் எது என்று என் கண்ணுக்குப் பிரியவில்லை. பிரித்துக் காட்டக் கூடாது என்றுதான் அவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள், ஆனாலும் ஒரே ஒரு கோடு, ஒரு சின்னத் தழும்பு விட்டிருக்கலாமே என்று எனக்கு ஆசை. இது குறை இல்லை, என் ருசி.

கீழே கண்ணை இறக்கினால் அதே இடத்தில், தூண் ஓரமாக, மாதா சொரூபம். 'தூண் மாதா' என்கிறார்கள், பதினான்காம் நூற்றாண்டுக் கல் சிலை. கோபுரமும் உத்திரமும் கல்லும் கொட்டியது இதன் காலடியில். பழைய முன்பீடம் நசுங்கிப்போனது. மாதாவுக்கு ஏறக்குறைய ஒன்றும் ஆகவில்லை. வேலை நடந்த வருஷங்களில் லூவ்ர் எதிரில் இருக்கும் சென் ஜெர்மென் லோக்செருவா கோவிலில் வைத்திருந்துவிட்டு 2024 நவம்பர் 15 அன்று பவனியாகத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அத்தை இங்கே ரொம்ப நேரம் நின்றார். நான் எவ்வளவு தூரத்தில் கல் விழுந்தது என்பதையெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தேன், "சும்மா இருங்க மாப்பிள்ளை" என்றார். சும்மா இருந்தேன்.

புது முன்பீடம் வெண்கலத்தில், கிய்யோம் பார்தே என்பவர் வடித்தது. கருமையாக, வழவழவென்று, கோணமே இல்லாமல். புகைப்படத்தில் எனக்குப் பிடிக்கவில்லை, நேரில் பிடித்தது, ஏன் என்று கேட்டால் அந்தக் கல்லுக்கு நடுவில் அது அடக்கமாக இருக்கிறது. உட்கார 1,500 புது ஓக் நாற்காலிகள், இயோனா வோத்ரான் வடிவமைத்தவை. அத்தை உட்காருவதற்கு முன் ஒன்றை விரலால் தட்டிப் பார்த்தார், பிறகு முதுகுப் பலகையின் ஓரத்தைத் தடவி, ரேகையைப் பார்த்து, "நல்ல கட்டை" என்று சான்றிதழ் கொடுத்தார். அங்கிருந்துதான் மரப் பேச்சு ஆரம்பமானது.

"மேல என்ன மரம் போட்டாங்க?" என்று கேட்டார். ஓக் தான் அத்தை, முன்பு இருந்தது போலவே என்றேன். ஊசிக்கோபுரத்துக்கும் கூரைக்குமாகச் சுமார் 2,000 மரம், பிரான்ஸ் முழுக்க இருந்து. சார்த் பக்கம் பெர்சே காட்டில் 2021இன் தொடக்கத்தில் முதல் பெரிய மரங்களை வெட்டினார்கள், வசந்தத்தில் சாறு ஏறுவதற்குள் வெட்டியாக வேண்டும் என்று அவசரம். "அது சரி, சாறு ஏறினா மரம் கெட்டுப் போகும்" என்றார், ஏதோ நான் பரீட்சையில் ஒரு மார்க் வாங்கின மாதிரி. நடுக்கூடத்துக்கும் பீடத்துக்கும் மேலுள்ள கூரைச் சட்டத்துக்கு மரத்தை ரம்பத்தில் அறுக்கவில்லை, இடைக்காலத்தில் செய்ததைப் போலக் கோடாலியால் செதுக்கினார்கள், அதுவும் பச்சை மரத்தை. இங்கே அத்தை என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். "பச்சை மரத்தையா? அது காயும்போது முறுக்குமே!" ஆமாம், அதையும் கணக்குப் போட்டுத்தான். ரம்பம் நாரைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போய்விடும், கோடாலி நார் ஓடுகிற வழியிலேயே போகும், தடி கொஞ்சம் வளைந்திருந்தால் உத்திரமும் கொஞ்சம் வளையும், மரத்தின் வைரம் பாய்ந்த உள்பகுதி உத்திரத்தின் நடுவில் நிற்கும், பலம் குறையாது. இப்படிச் செதுக்குகிற தச்சர்கள் இப்போது குறைவு, அந்தக் கோடாலிகளையே கொல்லர்களிடம் தனியாக அடித்து வாங்கினார்கள். அத்தை கொஞ்ச நேரம் மேலே பார்த்தபடி இருந்துவிட்டு, "எங்கப்பா இருந்தா இதைக் கேட்டுட்டு மூணு நாள் பேசியிருப்பாரு" என்றார்.

எனக்கு இங்கேதான் வருத்தம். இந்தக் கோவிலில் நடந்த வேலையிலேயே பெரிய வேலை அந்தக் கூரைக்காடு, அதைப் பார்க்க முடியாது. வளைகூரைக்கு மேலே மூடிய பரண், பார்வையாளர்களுக்கு வழி கிடையாது, இருக்கவும் கூடாதுதான். 2014இல் ரெமி ஃப்ரொமோன், செட்ரிக் த்ராந்தசோ என்ற இரண்டு கட்டடக்கலைஞர்கள் அந்தப் பரணில் ஏறி ஒவ்வொரு மரத்தையும் அளந்து வரைந்து வைத்திருந்தார்கள். 2010இல் ஆண்ட்ரூ டாலன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் கோவிலை லேசரால் அளந்து வைத்தார், 2018இல் இறந்துபோனார், தீயைப் பார்க்கவில்லை. இவை இரண்டும் இல்லாவிட்டால் எரிந்ததை எரிந்தபடி எழுப்பியிருக்க முடியுமா என்று யோசித்துக்கொண்டே நடந்தேன்.

மெழுகுவர்த்தி ஏற்றுகிற இடம் வந்தது. அத்தை தயங்கி, தாழ்ந்த குரலில், "இன்னும் இங்க நெருப்பு வைக்க விடுறாங்களா?" என்றார். விடுகிறார்கள். மேலே இப்போது பனிப்புகை மாதிரி தண்ணீர் தெளிக்கிற குழாய்கள், வெப்பத்தைக் காட்டும் கேமராக்கள், ஒரு பகுதியில் பிடித்தது மறு பகுதிக்குத் தாவாதபடி நடுவில் தடுப்புகள் எல்லாம் வந்துவிட்டன என்று சொன்னேன். முன்பு அந்தப் பரணில் இதில் எதுவும் இல்லை. அத்தை ஒன்றை ஏற்றினார், பேரன் பெயருக்கு. ஏற்றிவிட்டு மேலே ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

பணம் யார் கொடுத்தது என்று கேட்டார். 150 நாடுகளிலிருந்து 3,40,000 பேர், மொத்தம் 84 கோடியே 60 லட்சம் யூரோ. "அப்ப நம்ம பக்கத்துல இருந்தும் எவனாவது அஞ்சு யூரோ போட்டிருப்பான்." இருக்கலாம். தீப்பிடித்த மறுநாளே ஐந்து வருஷத்தில் முடிப்போம் என்று அதிபர் மக்ரோன் சொன்னபோது நானும் சிரித்தவன்தான். பொறுப்பை ஒரு ராணுவத் தளபதியிடம், ழான் லூயி ஜோர்ழலான், கொடுத்தார்கள். அவர் 2023 ஆகஸ்டில் பிரனே மலையில் நடைப்பயணம் போன இடத்தில் விபத்தில் இறந்தார், திறப்பைப் பார்க்கவில்லை. ஊசிக்கோபுரத்து மரத்தில் அவர் பெயரைத் தச்சர்கள் செதுக்கியிருக்கிறார்கள். அதுவும் கீழே இருந்து தெரியாது. 2024 டிசம்பர் 7 திறப்பு, கணக்குப் பார்த்தால் சொன்ன தேதிக்கு எட்டு மாதம் கூட, நடுவில் கொரோனா, ஈயத்தூசிக்காக நிறுத்திய வேலை எல்லாம் சேர்த்து. மன்னித்துவிடலாம்.

மூன்று ரோஜா ஜன்னல்களும் தப்பித்துவிட்டன, மேற்கு, வடக்கு, தெற்கு. அன்று ஐந்தரை மணிக்கு மேற்கு வெயில் உள்ளே சாய்ந்து வந்தது, வெளிர்க் கல் தூணில் ஊதாவும் சிவப்பும் திட்டுத்திட்டாக விழுந்தன. பழைய இருட்டுச் சுவரில் இது இப்படித் தெரிந்திருக்காது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தெற்கு நடையில் ஆறு சிற்றாலயங்களின் ஜன்னல்களை எடுத்துவிட்டு ஓவியர் கிளேர் தபுரேயின் புதுக் கண்ணாடிகளை 2026 கடைசியில் வைப்பதாகத் திட்டம், அதற்கு ஏகப்பட்ட எதிர்ப்பு. எடுக்கப்போவது பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோவிலைப் புதுப்பித்த கட்டடக்கலைஞர் வியோலே லெ துக் வைத்தவை, தீயில் கீறல் கூட விழாதவை. எரிந்ததைப் பழையபடி செய்தோம், எரியாததைப் புதிதாக மாற்றுகிறோம் என்றால் அது என்ன கணக்கு என்று எனக்குப் புரியவில்லை. புது ஓவியம் அழகாகவே இருக்கட்டும். அத்தைக்கு இதில் அக்கறை இல்லை, கால் வலிக்கிறது என்றார்.

ஆறு மணிப் பூசைக்கு உட்கார்ந்தோம். பூசை நடக்கும்போதும் சுற்றிலும் சுற்றுலாக்காரர்கள் நடந்துகொண்டேதான் இருப்பார்கள், அது கொஞ்சம் பழக வேண்டும். அத்தை பிரெஞ்சு ஒரு வார்த்தை தெரியாமல் எல்லா இடத்திலும் சரியாக எழுந்து சரியாக உட்கார்ந்தார், நான்தான் பக்கத்தில் பார்த்துப் பார்த்துச் செய்தேன். பெரிய ஆர்கனைக் கேட்க வேண்டும் என்றால் ஞாயிறு காலைப் பூசைக்கு வாருங்கள். சுமார் 8,000 குழாய்கள். தீ அதைத் தொடவில்லை, ஆனால் ஈயத்தூசி உள்ளே இறங்கிவிட்டது. முழுக்கக் கழற்றி, துடைத்து, திரும்ப மாட்டி, பிறகு சத்தமில்லாத இரவுகளில் மாதக் கணக்கில் உட்கார்ந்து குழாய் குழாயாகச் சுருதி சேர்த்தார்கள். நான் ஒரு ஞாயிறு தனியாகப் போய்க் கேட்டேன், அடித்தொண்டைக் குழாய்கள் ஊதும்போது நாற்காலி அதிர்கிறது.

பூசை முடிந்து ஏழு மணிக்கு மேல் இன்னொரு சுற்று வந்தோம். வியாழனை எதற்குச் சொன்னேன் என்பது இங்கேதான். கூட்டம் பாதியாகியிருந்தது. வெளியே இருட்டி, உள்ளே மஞ்சள் விளக்கு, மூலைகளில் நிழல். அந்தப் பழைய கோவில் கொஞ்சம் திரும்பி வந்த மாதிரி இருந்தது எனக்கு. நேரம் இருக்கிறவர்கள் பகல் வேண்டாம், இந்த நேரத்துக்கு வாருங்கள்.

கோபுரத்துக்கு நான் மட்டும் வேறொரு நாள் போனேன். 2025 செப்டம்பரில்தான் திறந்தார்கள், 16 யூரோ, முன்பதிவு கட்டாயம், 424 படி, லிஃப்ட் கிடையாது. முழங்கால் வலி, தலைச்சுற்றல் இருப்பவர்கள் நினைக்கவே வேண்டாம். தெற்குக் கோபுரத்துக்குள் ஒன்றையொன்று தொடாமல் சுற்றுகிற இரட்டைச் சுருள் ஏணிப்படி, முழுக்கப் புது ஓக், உள்ளே போனதும் மரவாசனை தூக்குகிறது. அத்தை சொன்னதை நினைத்துக் கைப்பிடியைத் தட்டிப் பார்த்தேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

மேலே போனால் புது ஊசிக்கோபுரம் கண்ணுக்கு நேராக. உச்சியில் பொன்முலாம் சேவல், இறகுகள் தீநாக்கு மாதிரி, தலைமைக் கட்டடக்கலைஞர் பிலிப் வில்நவ் வரைந்தது. வேலை செய்த 2,000 பேரின் பெயர்ப் பட்டியலை அந்தச் சேவலுக்குள் அடைத்து வைத்திருக்கிறார்கள். பழைய சேவல் செம்பு, எல்லோரும் உருகியிருக்கும் என்று நினைத்தபோது மறுநாள் இடிபாட்டில் நசுங்கிக் கிடைத்தது. கோபுரத்தைச் சுற்றி நின்ற 16 செப்புச் சிலைகளைப் பழுதுபார்க்க இறக்கியது தீக்கு நாலே நாள் முன்னால், ஏப்ரல் 11. இதை அத்தையிடம் சொன்னால் மாதா செயல் என்பார், எனக்கு எதிர்த்துப் பேச வாய் வரவில்லை.

அங்கிருந்து வடக்குக் கோபுரத்தைப் பார்த்தபோதுதான் அந்த இரவு உண்மையிலேயே எனக்கு உறைத்தது. கீழே எங்கேயும் கிடைக்காத தீ அங்கே இருக்கிறது. ஊசிக்கோபுரம் விழுந்த பிறகு நெருப்பு அந்தக் கோபுரத்துக்குள் தாவிவிட்டது. உள்ளே எட்டு மணிகள், மரச்சட்டத்தில். சட்டம் எரிந்தால் மணிகள் விழும், மணிகள் விழுந்தால் கோபுரம் விழும், ஒன்று விழுந்தால் மற்றதும், அப்புறம் கோவிலே இல்லை. தெரிந்தே தீயணைப்பு வீரர்கள் தண்ணீர்க் குழாயைத் தூக்கிக்கொண்டு அதற்குள் ஏறினார்கள். நான் 424 படியை வெறுங்கையோடு ஏறிவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். அன்று யாரும் உயிரிழக்கவில்லை.

வெளியே கிழக்குப் பக்கம் இன்னும் சாரம் கட்டியிருக்கிறார்கள், மிச்சமிருந்த பணத்தில் வெளிச்சுவர் வேலை. நல்ல புகைப்படத்துக்கு ஆற்றின் இடது கரையில் நின்று எடுக்கலாம், சாரம் வராத கோணம் கிடைக்கும். முற்றத்தில் தரையில் ஒரு வெண்கல நட்சத்திரம் பதித்திருக்கும், பிரான்ஸ் சாலைகளின் தூரத்தை அங்கிருந்துதான் அளக்கிறார்கள், அதில் ஏறி நிற்பதற்கும் ஒரு குட்டி வரிசை உண்டு.

இயேசுவின் தலையில் வைத்ததாக நம்பப்படும் முள்முடியை அன்று நாங்கள் பார்க்கவில்லை. அரசன் ஒன்பதாம் லூயி பதிமூன்றாம் நூற்றாண்டில் பாரிசுக்குக் கொண்டுவந்தது, தீயன்று முதலில் மீட்ட பொருட்களில் ஒன்று. பீடத்துக்குப் பின்னால் கேதுரு மரத்தில் பெரிய புதுப் பேழை செய்து வைத்திருக்கிறார்கள், ஆனால் முடியை வெளியே எடுத்து வணக்கத்துக்கு வைப்பது மாத முதல் வெள்ளி பிற்பகல் 3 மணிக்கு. இதை நான் ரயிலில் திரும்பும்போதுதான் படித்துச் சொன்னேன், முன்பே பார்த்து வைக்காதது என் தப்பு. அத்தை ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து, பேரனைத் தோளில் போட்டுக்கொண்டே, சமையலறை காலண்டரில் வெள்ளிக்கிழமை ஒன்றைச் சுற்றி வட்டம் போட்டார். மூன்று மணிக்கு என்றால் ஒரு மணிக்கே போய் நிற்க வேண்டுமாம், நான் லீவு சொல்லியாகிவிட்டது.